துரோ-துரோ கடையில் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிலாவுக்கு வேலையாகப் போகிறவர்கள், டாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், துபாய் கராமாவில் பக்கத்துக் கடை வாசனையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டவர்கள் என்று பலரும் பிலிப்பைன்ஸின் துரோ-துரோ சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மணிலாவில் இருந்த மூன்று வருடமும் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இந்த மாதிரிக் கடைகளில்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

துரோ-துரோ என்றால் என்ன?

'துரோ' என்றால் அங்கே பேசும் தகாலோக் மொழியில் விரலால் சுட்டுவது. இரண்டு தரம் சொன்னால் கடையின் பெயர். (துரோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் நாள் எனக்கும் அப்படித்தான் காதில் விழுந்தது.) மெனு கார்டு இருக்காது. காலையிலேயே சமைத்த பத்துப் பதினைந்து பதார்த்தங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு தட்டாக இருக்கும். 'இது ஒன்று, அப்புறம் அது' என்று நீங்கள் விரலை நீட்டினால் கடைக்கார அம்மா கரண்டியில் அள்ளித் தருவார்.

கொஞ்சம் வசதியான கடை என்றால் தட்டுகளுக்கு அடியில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், கல்யாண பஃபேயில் பார்க்கிற மாதிரி. தெருவோரக் கடையில் அதெல்லாம் கிடையாது. மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாக நிற்கும். நாமே மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கரிந்தெர்யா என்றும் சொல்கிறார்களே, அது வேறா?

கிட்டத்தட்ட ஒன்றுதான். கரிந்தெர்யா என்பது சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர், துரோ-துரோ என்பது அங்கே வாங்கும் முறையை வைத்து வந்த பெயர்.

அந்தச் சொல்லில் நம் 'கறி' ஒளிந்திருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. 1762இல் பிரிட்டிஷ் படை ஒன்று சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது. 1764 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. அந்தப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் போனார்கள். படை கிளம்பியபோது சிலர் திரும்பி வரவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். கறி சாப்பிட ஏங்கியவர்கள் அங்கே கிடைத்த நிலக்கடலையையும் வாலிறைச்சியையும் வைத்துச் செய்ததுதான் கரே-கரே என்று பிலிப்பினோக்களே கதை சொல்வார்கள். கதை செவிவழி. சிப்பாய்கள் தங்கியது வரலாறு.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பின்னால் வரிசை இருந்தாலும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பரிமாறுபவரைக் கூப்பிட இரண்டு சொல் போதும். பெண் என்றால் 'ஆத்தே', ஆண் என்றால் 'கூயா'. அக்கா, அண்ணன் என்று அர்த்தம். நம்மைவிட வயது குறைந்தவராகத் தெரிந்தாலும் அப்படியே கூப்பிடலாம், நாம் கடையில் 'அண்ணே' போடுவது போல. பிறகு வாக்கியத்தில் ஒரு 'போ' சேர்த்துக்கொள்ளுங்கள். அது அங்கே மரியாதைச் சொல். நமக்குத்தான் யாரையோ விரட்டுவது போல இருக்கும். 'இதில் பன்றி இருக்கிறதா?' என்று பணிவாகக் கேட்க 'மய் பாபோய் போ பா?' என்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டு சொல்லும் 'போப்பா' என்று காதில் விழும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குழம்போ பொரியலோ வறுவலோ, சோற்றுக்குத் துணையாக வருவது எல்லாமே 'ஊலம்'. சோறு 'கானின்'. இந்த இரண்டையும் பிரித்துத்தான் கணக்கு. ஊலம் ஒன்றா இரண்டா, கானின் எத்தனை என்று கேட்பார்கள். சோற்றை டீ கப்பிலோ சின்னக் கிண்ணத்திலோ அழுத்தித் தட்டில் கவிழ்ப்பார்கள், கோயில் சர்க்கரைப் பொங்கல் மாதிரி குவிந்து நிற்கும். அந்த ஒரு குவியல்தான் 'ஒரு ரைஸ்'. நம்மில் பலருக்கு இரண்டு வேண்டியிருக்கும். இரண்டு மூன்று ஊலத்தை ருசி பார்க்க ஆசைப்பட்டால் 'ஹாஃப் ஆர்டர்' என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் அரை அளவில் தருவார்கள். ஒரு கிண்ணம் 'சபாவ்', அதாவது வடிசாறு, பெரும்பாலும் இலவசம். கேட்டால்தான் வரும்.

ஸ்பூனும் ஃபோர்க்கும் வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தில் நின்றுகொண்டிருக்கும். நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சில கடைகளில் தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை மாட்டித் தருவார்கள். தட்டு கழுவும் தண்ணீர் மிச்சம், சாப்பிட்டதும் பையை மட்டும் உருவிப் போட்டால் வேலை முடிந்தது.

பணம் சில இடத்தில் முதலில், சில இடத்தில் கடைசியில். கடைசியில் என்றால் எழுந்து வந்து என்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்ல வேண்டும். 'ரெண்டு வடை, ஒரு டீ' என்று சொல்லும் நம்மூர் டீக்கடை நியாயம்தான்.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

பகல் பதினொன்று, பதினொன்றரை. விடியும் முன்பே சந்தைக்குப் போய் வந்து சமைக்கிறார்கள். பத்தரைக்குள் எல்லாத் தட்டும் நிறைந்துவிடும். பன்னிரண்டுக்கு ஆபீஸ் கூட்டம் வந்து நல்லதையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மணிக்குப் போனால் வறுத்த மீனின் வால் பக்கமும் யாரும் தொடாத முட்டைக்கோஸும் காத்திருக்கும்.

தாமதமாகப் போக நேர்ந்தால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காய்ப்பால் போட்டது வேண்டாம், வினிகர் போட்டது எடுங்கள். அந்தச் சூட்டில் தேங்காய்ப்பால்தான் முதலில் கெடும். வினிகரில் வெந்த அதோபோ மாலை வரை அசையாமல் இருக்கும். நேற்றைய மீன்குழம்பு போல மறுநாள்தான் அதற்கு முழு ருசி என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

முதல் தடவை எதைக் காட்டுவது?

அதோபோ. கோழியோ பன்றியோ வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலையோடு வேகும். வீட்டுக்கு வீடு செய்முறை மாறும். 2021இல் அரசின் வர்த்தகத் துறை அதோபோவுக்கு ஒரு பொதுத் தரம் வகுக்கலாம் என்றபோது, 'என் அம்மா அதோபோவுக்கு நீ யார் தரம் சொல்ல?' என்கிற ரீதியில் ஊரே கிளம்பியது. கட்டாயமில்லை என்று துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது, சினிகாங். என் ஓட்டு இதற்குத்தான். ரசத்தின் பெரியப்பா பிள்ளை என்று சொல்லலாம். புளியங்காயின் புளிப்பில் முள்ளங்கி, கத்தரி, வெண்டை, நீளப் பயற்றங்காய், கங்குன் கீரை, தக்காளி, அதோடு பன்றியோ இறாலோ மீனோ. தாளிப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது. ஆனாலும் முதல் வாய் உள்ளே போனதும் தாடைக்குக் கீழே சுருக்கென்று இழுக்கும் பாருங்கள், அது நமக்குத் தெரிந்த இழுப்பு.

காய்ச்சல், சளி என்றால் தினோலா. இஞ்சி தூக்கலான கோழிச் சாற்றில் பச்சைப் பப்பாளியும் முருங்கை இலையும். அங்கே முருங்கைக்கு 'மலுங்காய்' என்று பெயர், சொல்லிப் பார்த்தாலே உறவு தெரியும்.

வெள்ளிக்கிழமை போனால் மொங்கோ இருக்கும். நம் பாசிப்பயறுதான், பூண்டு வெங்காயம் வதக்கிக் கெட்டியாகக் கடைந்தது. வெள்ளியன்று இறைச்சி தவிர்ப்பது கத்தோலிக்க வழக்கம், அதிலிருந்து வந்த பழக்கம் இது. இப்போது அதன் மேலேயே பன்றித்தோல் வறுவலைத் தூவித் தருகிற கடைகளும் உண்டு. விரதம் போய் வெள்ளிக்கிழமை மட்டும் நின்றுவிட்டது!

பயப்படாதவர்களுக்கு தினுகுவான். பன்றி ரத்தத்தில் வினிகர் சேர்த்துச் சமைத்தது, சாக்லேட் மாதிரிக் கருப்பாக இருக்கும். குழந்தைகளுக்கு அதை 'சாக்லேட் மீட்' என்று சொல்லியே ஊட்டிவிடுவார்கள். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, புளிப்பு மட்டும் கூடுதல். தொட்டுக்கொள்ள 'புத்தோ' என்று ஆவியில் வேகவைத்த அரிசிப் பண்டம் தருவார்கள். நம் புட்டின் பெயர்தான் மலாய் வழியாகப் போனது என்று சொல்வதுண்டு. பார்வைக்கு என்னவோ குட்டி இட்லி.

சிவப்பாக நாலு தட்டு இருக்கிறது. எது எது?

இந்தக் கேள்வியை பிலிப்பினோ நண்பர்களிடமே கேட்டிருக்கிறேன். ஒரு மேசையில் மூன்று பேர் இருந்தால் மூன்று பதில் வரும். நானாகப் பிடித்துவைத்திருக்கும் அடையாளம் இது. துண்டு பொடிப்பொடியாக, ஈரலும் உருளையும் சேர்ந்து இருந்தால் மெனுதோ. பெரும்பாலும் கோழி, துண்டு பெரிது, குடமிளகாய் வாசம் என்றால் அஃப்ரிதாதா. மாட்டுத்துண்டு தடிமனாக, குழம்பு கொஞ்சம் கருஞ்சிவப்பு என்றால் மெச்சாதோ. ஈரல் விழுது கரைத்துக் கெட்டியாக, கொஞ்சம் காரமாக இருந்தால் கல்தெரெத்தா. அது ஆட்டுக்கறியிலும் வரும், வந்தால் விடாதீர்கள். எல்லாமே தக்காளி, எல்லாமே உருளைக்கிழங்கு, எல்லாமே ஸ்பானியப் பெயர். சந்தேகம் வந்தால் விரல் இருக்கவே இருக்கிறது.

காரமே இல்லையே, எப்படிச் சாப்பிடுவது?

நம்மவர்கள் முதல் வாரம் புலம்புவது இதுதான். ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அவசியமில்லை. துரோ-துரோவில் அடுப்பிலிருந்து வருவது முக்கால் சமையல்தான், மீதிக் கால் பங்கை மேசையில் நாம்தான் முடிக்க வேண்டும். அதற்கென்று இருப்பது 'சவ்சாவன்', தொட்டுக்கொள்ள நாமே கலக்கும் சாறு. மேசையில் வினிகர், சோயா சாஸ், 'பத்திஸ்' என்கிற மீன்சாறு மூன்றும் பாட்டிலில் இருக்கும். கலமான்சியும் மிளகாயும் ஆத்தேயிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கலமான்சி கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய எலுமிச்சை. மேல்பக்கத்தை மட்டும் சீவி, விரலால் தடுத்து விதை விழாமல் கிண்ணத்தில் பிழியுங்கள். வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு. நாரத்தை வாசமும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்து வரும். அதில் இரண்டு லபூயோ மிளகாயைப் போட்டு ஃபோர்க்கின் முதுகால் நசுக்குங்கள். நம் காந்தாரி மிளகாய்க்குத் தங்கச்சி, அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன்மேல் நாலு சொட்டு பத்திஸ். சினிகாங்கில் வெந்த மீனை இதில் தொட்டுச் சாப்பிட்டவர் அப்புறம் ஊறுகாயைத் தேட மாட்டார். வறுத்த மீனுக்கும் பன்றிக்கும் வினிகரில் பூண்டும் மிளகாயும். கரே-கரேவுக்கு 'பகோஓங்' என்கிற இறால் விழுது. அதைத் தொடாமல் கரே-கரே சாப்பிட்டுவிட்டு சப்பென்று இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர். உப்பு விழுதில் இருக்கட்டும் என்றுதான் குழம்பில் குறைத்திருப்பார்கள். ஊறுகாய் ஞாபகம் வந்தே தீரும் என்றால் 'அச்சாரா' கேளுங்கள், துருவிய பச்சைப் பப்பாளியை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது. நம் பக்கத்து அச்சாறு கடல் தாண்டிப் போய் இனிப்பாகிவிட்டது.

சமையலிலேயே காரம் வேண்டுமென்றால் பிகோல் பகுதிப் பதார்த்தங்களைத் தேடுங்கள். பிகோல் எக்ஸ்பிரஸ் என்று ஒன்று உண்டு, ரயில் பெயர்தான். தேங்காய்ப்பாலில் பன்றியும் கை நிறைய மிளகாயும்.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

உண்மையைச் சொல்கிறேன்: கஷ்டம். 'கூலாய்' என்றால் காய்கறி. ஆனால் காய்கறித் தட்டு என்பதற்கு இறைச்சி இல்லாத தட்டு என்று அங்கே அர்த்தமில்லை. சுத்த சைவமான நண்பர் ஒருவரை ஒரு கடைக்கு அழைத்துப்போய் பினக்பெத் வாங்கிக் கொடுத்தேன். பூசணி, பாகல், கத்தரி, வெண்டை, பயற்றங்காய் என்று நம் காய்கறிக் கூட்டு போலவே இருந்தது. மூன்றாவது வாயில் ஸ்பூனை நிறுத்திவிட்டு ஒரு கருப்புப் புள்ளியைக் காட்டினார். கடுகு என்று சொல்லிப் பார்த்தேன். கடுகுக்குப் பக்கத்திலேயே மீசையும் இருந்தது. பகோஓங் போடாமல் பினக்பெத் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மொங்கோவில் கருவாடோ பன்றியோ, சேப்ப இலை தேங்காய்ப்பாலில் வெந்த லாயிங்கிலும் அப்படியே. சாப்சுய் என்கிற காய்கறி வதக்கலில் ஈரல்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் வழி இருக்கிறது. தோர்தாங் தலோங், சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துத் தட்டையாக்கி முட்டையில் தோய்த்துப் பொரித்தது. கொத்துக்கறி வைத்ததும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். பாகற்காயும் முட்டையும் வதக்கியது, உப்பு முட்டையும் தக்காளியும், பொரித்த தோக்வா, அதாவது தோஃபு. முட்டையும் ஆகாது என்றால் வெறும் சோறு, தோக்வா, கலமான்சி. தினசரிக்கு இது சரிப்படாது, வீட்டில் குக்கர் வாங்கிவிடுங்கள்.

மாடு, பன்றி வேண்டாம் என்றால்?

நாலு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: பாபோய் பன்றி, பாக்கா மாடு, மனோக் கோழி, இஸ்தா மீன். 'வலாங் பாபோய்' என்றால் பன்றி இல்லாமல். இருந்தாலும் ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போய்வரும், வறுக்கும் எண்ணெயும் ஒன்றாக இருக்கலாம். ஹலால் கட்டாயம் என்றால் மணிலாவில் கியாப்போ பகுதிக்குப் போங்கள். 1976இல் கட்டிய தங்கக் குவிமாடப் பள்ளிவாசலைச் சுற்றி, தெற்கே இருக்கும் மிந்தனாவோ தீவு முஸ்லிம்களின் கடைகள் இருக்கின்றன. அங்கேயும் சுட்டிக் காட்டித்தான் வாங்குவது. 'பலாபா' என்கிற வெங்காயத்தாள், இஞ்சி, மிளகாய் விழுதை ஒரு வாய் வைத்தால் காரம் இல்லை என்ற புகார் அத்தோடு தீரும்.

சாப்பாடு ஆறியிருக்கிறதே, வயிறு கெடாதா?

ஆறிய ஊலமும் சூடான சோறும் அவர்களுக்குச் சகஜம். 'பா-இனித் போ' என்றால் சூடுபண்ணித் தருவார்கள். அதைவிட முக்கியம் கடையைத் தேர்ந்தெடுப்பது. கூட்டம் இருக்கிற கடையில் பாத்திரம் சீக்கிரம் காலியாகும், அதுதான் உத்தரவாதம். ஈ ஓட்ட மோட்டாரில் சுற்றும் பிளாஸ்டிக் நாடா ஓடுகிறதா, மூடி போட்டிருக்கிறதா, சுவரில் சுகாதார அனுமதிச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'சர்வீஸ் வாட்டர்' என்று ஜக்கில் வைப்பது இலவசத் தண்ணீர். புதிதாக வந்தவர்கள் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையால் சாப்பிடலாமா?

தாராளமாக. அதற்கு 'கமாயான்' என்று பெயரே உண்டு. வறுத்த மீனைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்பார்கள். மற்றபடி வலது கையில் ஸ்பூன், இடது கையில் தள்ளிவிட ஃபோர்க். கத்தி கிடையாது, ஸ்பூனின் ஓரமே கத்தி.

எவ்வளவு ஆகும்?

மணிலாவில் சோறு 15 பேசோ பக்கம், காய்கறி 50 சுற்றி, இறைச்சி 70 முதல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேசோ நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

'அன்லி ரைஸ்' என்று பலகை பார்த்தால் அது அளவில்லாச் சோறு. இதைப் பெரிதாகப் பரப்பியது மாங் இனசால் என்ற கோழிக்கடைத் தொடர். 2017இல் செனட்டர் சிந்தியா வில்லார், நீரிழிவைக் காரணம் காட்டி அன்லி ரைஸை நிறுத்தலாமே என்றார். மக்கள் கொதித்ததும், அது வெறும் கவலைதான், சட்டமெல்லாம் இல்லை என்று இறங்கிவந்தார். சோற்றில் கை வைத்தால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

பிலிப்பைன்ஸுக்கு வெளியே கிடைக்குமா?

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா. ஞாயிறு மதியம் போனால் நிற்க இடமிருக்காது. துபாயில் கராமா, சத்வா. அங்கே இந்தச் சின்னக் கடைகளில் பன்றி பெரும்பாலும் இருக்காது, மாடு இருக்கும். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டி, நியூயார்க்கில் குவீன்ஸின் வுட்சைட். ஆவித் தட்டு வரிசை ஒழுங்காக இருப்பது இந்த அமெரிக்கக் கடைகளில்தான். ஒரு ஊலமா இரண்டா என்று பேக்கேஜாக விலை, சோறு சேர்த்து. அளவு இரண்டு பேருக்குக் காணும்.

தெரியாதவர் ஒருவர் தன் தட்டைக் காட்டி 'காயின் தாயோ' என்கிறாரே?

'வாங்க, சாப்பிடலாம்' என்று அர்த்தம். சாப்பிடும்போது யாராவது கடந்து போனால் அப்படிச் சொல்வது வழக்கம், நம் ஊர்த் திண்ணையில் 'சாப்பிட வாங்க' என்பது போல. உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். நான் முதல் தடவை உட்கார்ந்துவிட்டேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது, பிறகு சிரித்துவிட்டு ஆத்தேயிடம் இன்னொரு கானின் சொன்னார். அவருடைய தினோலாவில் பாதி என் கிண்ணத்துக்கு வந்தது. சரியான பதில் 'சிகே போ, சலாமத்', அதாவது 'நீங்க சாப்பிடுங்க, நன்றி'. அடுத்த நாள் அவரை நான் கூப்பிட்டேன். அவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.